அத்தியாயம் 6: விண்வெளி ஞாபகார்த்த நாணயங்கள்

இலங்கை மத்திய வங்கி புத்த ஜயந்திக்கு, அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு, மகாவலித் திட்டத்துக்கு, உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்கு என்று பல ஞாபகார்த்த நாணயங்களை வெளியிட்டிருக்கிறது. விண்வெளிப் பக்கம் அதன் கண் போகவில்லை. நாட்டின் முதல் ஆய்வுச் செய்மதியான இராவணா-1, பத்துச் சென்ரிமீற்றர் கனசதுரம், 2019 ஏப்ரலில் அமெரிக்க ஏவுதளமொன்றிலிருந்து புறப்பட்டு, ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. அதற்கும் குற்றிக் காசு அடிக்கவில்லை. ஆகவே வன்னியில் இருந்துகொண்டு இந்த வகை நாணயம் சேர்க்க நினைப்பவர் பிறநாட்டுக் காசைத்தான் தேடவேண்டும்.

இது நமக்கு ஒட்டாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெற்றுகள் நேரே தெற்கு நோக்கிப் போனால் இலங்கைக்கு மேலால்தான் போகவேண்டும். கழன்று விழும் பாகங்கள் நம் நிலத்தில் விழக்கூடாது என்பதற்காக அவை முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் போய், பிறகு தெற்கே திரும்புகின்றன. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. தூக்கிச் செல்லும் பாரமும் குறைகிறது. சிறிய ரொக்கெற்றுக்கு இது பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான். ஒரு நாடு தன் மக்கள் செலவழிக்க அடித்த காசை முதலில் வாங்குங்கள். சேகரிப்பவர்களுக்கென்றே அடித்ததை இரண்டாவதாக வாங்குங்கள். பெட்டியின் அழகுக்காக விற்கப்படுவதை வாங்காமலே விடுங்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாணயக் கடை கிடையாது. வெளிநாட்டு உறவினர்தான் உங்கள் கடை, நகைக்கடைத் தராசுதான் உங்கள் பரிசோதகர். இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

முதற் காசு

தொடங்குபவருக்கு நான் சொல்வது அமெரிக்காவின் ஐசனோவர் டொலர். 1971இலிருந்து 1978 வரை அடித்தார்கள். ஒரு பக்கத்தில் ஜனாதிபதி ஐசனோவரின் தலை. நாசாவை உருவாக்கிய சட்டத்தில் 1958இல் கையெழுத்திட்டவர் அவர். மனிதன் சந்திரனில் இறங்குவதற்கு நான்கு மாதம் முன்னர், 1969 மார்ச்சில் இறந்துபோனார். மறுபக்கம்தான் நமக்கு வேண்டியது: கால்களில் ஒலிவக் கிளையைப் பற்றிய கழுகொன்று பள்ளங்கள் நிறைந்த சந்திரத் தரையில் இறங்குகிறது, மேலே சிறியதாகப் பூமி. இது அப்பல்லோ 11 பயணத்தின் சின்னம். அதில் சந்திரனுக்குப் போன மூவரில் ஒருவரான மைக்கேல் கொலின்ஸ் வரைந்தது. முதல் வரைவில் கிளை கழுகின் அலகில் இருந்ததாம். வெறும் நகங்களை நீட்டிக்கொண்டு இறங்கும் பறவை மிரட்டுவதுபோல இருக்கிறதென்று கிளையைக் கால்களுக்கு மாற்றினார்கள். நாணயத்துக்கு அதைச் செதுக்கியவர் பிராங்க் காஸ்பரோ.

38.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெரிய காசு. பெரிதாக இருந்தபடியால் அமெரிக்கர்கள் சட்டைப்பையில் போட விரும்பவில்லை. லாஸ் வேகாஸ் சூதாட்ட மேசைகளில்தான் நன்றாக ஓடியது. அதனால் தேய்ந்ததும் கிடைக்கும், தேயாததும் கிடைக்கும், இரண்டும் பெரிய விலையில்லை. காசை விளிம்பில் பிடித்து விளக்குக்குக் கீழே மெதுவாகச் சரித்துப் பாருங்கள். கழுகின் நெஞ்சுச் சிறகில் வரிகள் தெரிந்தால் அதிகம் கைமாறாதது. நெஞ்சு மழுமழுவென்றிருந்தால் மேசை மேசையாக ஓடியது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால், எனக்கு ஓடியதுதான் பிடிக்கும். விலைக்கு விற்க எண்ணுபவர் மற்றதை வைத்திருக்கட்டும்.

1976க்காக அடித்த டொலரில் கழுகு இல்லை. சுதந்திர மணியும் அதன் பின்னால் சந்திரனும் இருக்கும். அதுவும் இந்தத் தொகுப்பில் சேரும். கழுகுச் சின்னம் பிறகு 1979 தொடங்கி வந்த சூசன் பி. அந்தோணி டொலருக்குப் போய்விட்டது. அது 26.5 மில்லிமீற்றர்தான். பார்வைக்குக் கால் டொலர் போலவே இருந்ததால் மக்கள் குழம்பினார்கள், காசு எடுபடவில்லை.

இரண்டாவதாக, 1981இல் சோவியத் யூனியன் வெளியிட்ட ககாரின் ரூபிள். மனிதன் விண்வெளிக்குப் போய் இருபது ஆண்டு நிறைந்ததற்கு அடித்தது. செம்பு-நிக்கல் கலவை, 31 மில்லிமீற்றர், 12.8 கிராம். ஒரு பக்கத்தில் அரிவாளும் சுத்தியலும் கொண்ட அரச சின்னம். 1961 ஏப்ரல் 12இல் பூமியைச் சுற்றிய ககாரின் அந்த வருடம் டிசம்பரிலேயே இலங்கைக்கு வந்தார் என்பதால் நம் வீட்டு வயதானவர்களிடம் இந்தக் காசைக் காட்டினால் கதை கிளம்பும். 1983இல் விண்வெளிக்குப் போன முதற் பெண்ணான வலென்தினா தெரெஷ்கோவாவுக்கும் ஒரு ரூபிள் வந்தது. இரண்டும் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. ‘அரிது’ என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய ஞாபகார்த்த ரூபிள்களை 1988இல் சேகரிப்பவர்களுக்காக மறுபடி அடித்தார்கள். முகப்பில் பழைய ஆண்டே இருக்கும். விளிம்பைச் சுழற்றிப் படித்தால் 1988 என்ற ஆண்டும் ஒரு ரஷ்ய எழுத்தும் தெரியும். அது கள்ளக் காசல்ல, ஆனால் புழங்கிய காசுமல்ல.

ஜேர்மனியில் உறவினர் இருந்தால் கிழக்கு ஜேர்மனியின் 1978ஆம் ஆண்டுப் பத்து மார்க்கைக் கேளுங்கள். சோவியத்துடன் சேர்ந்து விண்வெளிக்குப் போனதற்காக அடித்தது. பறந்தவர் சிக்மண்ட் யேன். அந்த நாடே இப்போது இல்லை, காசு பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கிறது.

2019இன் வளைந்த காசு

சேகரிப்பவர்களுக்கென்று அடித்தவற்றில் ஒன்றே ஒன்று வாங்குவதானால், அப்பல்லோ 11இன் ஐம்பதாம் ஆண்டுக்கு அமெரிக்கா 2019 ஜனவரி 24இல் வெளியிட்டதை வாங்கலாம். காசு தட்டையல்ல, வளைந்தது. குழிந்த பக்கத்தில் சந்திர மண்ணில் பதிந்த சப்பாத்துத் தடம். சுற்றிவர மேர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ என்ற மூன்று திட்டங்களின் பெயர்கள், அவற்றுக்கிடையில் பிறைகள். புடைத்த பக்கத்தில் பஸ் ஓல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடி. உருப்பெருக்கியால் பார்த்தால் அந்தக் கண்ணாடிக்குள் கொடியும் இறங்குகலமும், படமெடுத்துக்கொண்டு நிற்கும் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் தெரிவார்கள். குழிந்த பக்கத்தை வரைந்தவர் போட்டியில் வென்ற கரி கூப்பர்.

நான்கு வகை உண்டு. செம்பு-நிக்கல் பூசிய அரை டொலர், 11.34 கிராம். வெள்ளி டொலர், 26.73 கிராம், தூய வெள்ளி. ஐந்து அவுன்ஸ் வெள்ளி, ஓர் உள்ளங்கை அகலம். ஐந்து டொலர்த் தங்கம், 8.359 கிராம். அரை டொலரே போதும்; படம் நான்கிலும் ஒன்றுதான். சட்டப்படி அதிகபட்சம் ஏழரை இலட்சம் அரை டொலரும், நான்கு இலட்சம் வெள்ளி டொலரும், ஐம்பதாயிரம் தங்கமும் அடிக்கலாமென்று இருந்தது. இந்த எண்ணைக் காட்டி விற்பவர்கள், அது மேல் எல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். அன்றைய விற்பனை விலைக்குள் நன்கொடையும் அடங்கியிருந்தது. வெள்ளி டொலருக்குப் பத்து டொலர், தங்கத்துக்கு முப்பத்தைந்து டொலர் அருங்காட்சியகமொன்றுக்கும் விண்வெளி வீரர் அறக்கட்டளைகளுக்கும் போனது. திருப்பி விற்கும்போது அந்தப் பங்கை யாரும் தரமாட்டார்கள்.

தங்கக் காசைப் பற்றி வன்னி வீடுகளுக்குத் தனியாக ஒரு சொல். அது ஒரு பவுணை விடச் சற்றுப் பாரம், நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம். நம் 22 கரட் நகையைவிட மாற்றுக் கொஞ்சம் குறைவு. பத்தருக்கு அது வெறும் தங்கம். வீட்டில் கலியாணம் வந்தால் உருகிவிடும்.

விடவேண்டியவை

மார்ஷல் தீவுகள் 1988இல் டிஸ்கவரி விண்வெளி ஓடம் மீண்டும் பறந்ததற்கு ஐந்து டொலர் நாணயமும், 1989இல் சந்திரப் பயணத்தின் இருபதாம் ஆண்டுக்கு இன்னொன்றும், விண்வெளி ஆய்வின் மைல்கற்கள் என்று ஐம்பது டொலர் வெள்ளி வரிசையும் வெளியிட்டது. அந்தத் தீவுகளில் புழங்குவது அமெரிக்கக் காசு. அங்குள்ள மீனவர் ஒருவர் இந்த நாணயத்தால் பாண் வாங்கியிருக்க வாய்ப்பில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பவர்களின் பணத்துக்காகவே அடித்தவை. படங்கள் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளி விலைக்குக் கிடைத்தால் வெள்ளியாக வாங்குங்கள்.

அதற்கும் கீழே, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் தங்கமுலாம் பூசிய வட்டங்கள். அப்பல்லோ படம், ஆம்ஸ்ட்ரோங்கின் முகம், ‘குறைந்த எண்ணிக்கை’ என்ற சான்றிதழ் எல்லாம் இருக்கும். இரண்டைப் பாருங்கள்: வெளியிட்ட நாட்டின் பெயர் இருக்கிறதா, பெறுமதி இருக்கிறதா? இரண்டுமில்லாவிட்டால் அது பதக்கம், நாணயமல்ல. பதக்கமென்றால் எல்லாம் மட்டமென்று அர்த்தமில்லை. அப்பல்லோ 11இன் கலங்களான கொலம்பியாவினதும் ஈகிளினதும் உலோகத்தைக் கலந்து நாசா தன் ஊழியர்களுக்குக் கொடுத்த பதக்கம் நல்ல பொருள். அது தெரிந்து வாங்கவேண்டிய இன்னொரு துறை.

வன்னி மண்ணில் கிண்டி எடுத்த பழங்காசைக் காட்டி மாற்றுக்குக் கேட்பவர்களும் வருவார்கள். தொடவேண்டாம். பழங்கால நாணயம் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். உலோகம் தேடும் கருவியோடு காட்டுக்குள் போகிறவர்களுக்கு வெடிபொருள் ஆபத்தும் இருக்கிறது.

நிறுத்துப் பார்த்தல்

நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு ஒவ்வொரு நகைக்கடையிலும் இருக்கிறது. வவுனியாவில் பழகிய கடையென்றால் காசு வாங்காமலே நிறுத்துத் தருவார்கள். அடிக்கடி வேண்டியிருந்தால் சட்டைப்பைத் தராசொன்றை வாங்கிவிடலாம். விட்டத்துக்கு வேணியர் இடுக்கிமானி. பிள்ளை உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தால் எப்படிப் பிடிப்பதென்று அவளே காட்டித் தருவாள்.

ஐசனோவர் டொலரிலேயே தொடங்குங்கள், ஏனென்றால் அதில் தராசின் உதவி உடனே தெரியும். சாதாரணமானது 22.68 கிராம். நூற்றுக்கு நாற்பது வெள்ளி கலந்து சேகரிப்பவர்களுக்கு விற்றது 24.59 கிராம். இரண்டும் ஒரே அளவு, ஒரே படம். வெள்ளிக் காசில் சான் பிரான்சிஸ்கோ சாலையின் எஸ் என்ற எழுத்து இருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். அதே எழுத்தோடு வெள்ளியில்லாத பளபளப்புக் காசுகளும் வந்திருக்கின்றன. எழுத்தை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். பிறகு விளிம்பைப் பாருங்கள்: சாதாரணக் காசில் செம்புக் கோடு பளிச்சென்று தெரியும்.

பழைய ஸ்பீக்கர் காந்தமொன்றை மேசையில் வைத்திருங்கள். உருக்கில் செய்த நம் குற்றிக் காசுகள் பல அதில் ஒட்டும். ஐசனோவர் டொலரோ ககாரின் ரூபிளோ வெள்ளியோ ஒட்டக்கூடாது. ஒட்டினால் இரும்பில் அடித்த போலி, அதற்குமேல் சோதனை வேண்டாம்.

ஒட்டாததெல்லாம் நல்லதென்றும் இல்லை. வெள்ளியா, வெள்ளி பூசியதா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். தராசில் அரைக் கோப்பை தண்ணீர் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ சுவரிலோ முட்டாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கனவளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். 26.73 கிராம் அப்பல்லோ வெள்ளி டொலரென்றால் தராசு 2.55 காட்டவேண்டும், வகுத்தால் 10.5 அளவில் வரும், அது வெள்ளி. 3.0 என்று காட்டினால் அடர்த்தி 8.9, உள்ளே செம்பு-நிக்கல். 12.8 கிராம் ககாரின் ரூபிள் 1.44 அளவில் காட்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்; வன்னிக் கிணறுகளில் சுண்ணாம்பு கூட, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர் நல்லது. நூல் கட்டுவதே கண்ணாடிப் பளபளப்புள்ள காசுக்குக் கீறல்தான், ஆகவே அத்தகையதை நனைக்காமல் எடை, விட்டத்தோடு நிறுத்துங்கள். பெட்டியிலிருந்து எடுக்காத காசுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை; விற்பவர் யாரென்பதுதான் அங்கே கேள்வி.

கொண்டுவருதல்

சாதாரணக் கடிதத்துக்குள் காசு வைத்து அனுப்புவதைச் சர்வதேசத் தபால் விதிகள் ஏற்பதில்லை. பதிவுத் தபாலோ காப்புறுதியோ வேண்டும், அப்போதும் இரு நாட்டு விதிகளையும் பார்க்கவேண்டும். ஆள் வரும்போது கொடுத்துவிடுவதே இலகு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது விபரமாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையக் கடையில் வாங்கிய பதக்கத்தோடு வந்து நிற்பார்கள். இப்படி ஒரு குரற்செய்தி போதும்:

“அண்ணா, கோயிலுக்கு வரேக்க ஒரு ஐசனோவர் டொலர் கொண்டு வாங்கோ. 1971இலயிருந்து 78 வரைக்கும் எந்த வருசமெண்டாலும் சரி. மினுக்கினது வேண்டாம், பழசே காணும். வாங்கின துண்டையும் வைச்சிருங்கோ.”

மினுக்கியது வேண்டாமென்பதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்புள்ள மாமிமார் பல் துலக்கும் பசையால் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவருவார்கள். தங்க நாணயமென்றால் சுங்கத்தில் சொல்லிக்கொண்டு வரவேண்டும்.

கனடாவிலிருந்து வருபவரின் பணப்பையில் இன்னொரு விண்வெளிப் பொருள் ஏற்கெனவே இருக்கக்கூடும். 2013 நவம்பரில் வந்த ஐந்து டொலர்த் தாளின் பின்புறத்தில் விண்வெளி நிலையத்தின் கனடிய இயந்திரக் கையும் டெக்ஸ்ரர் இயந்திரமும் இருக்கின்றன. முகப்பெறுமதிக்குக் கிடைப்பது. அதேபோல இந்தியாவின் பழைய இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில், 1975 ஏப்ரல் 19இல் ஏவிய ஆரியபட்டா செய்மதி. மண்டபம் முகாமிலோ வேறு அகதி முகாமிலோ இருந்து திரும்பிய குடும்பங்களின் றங்குப் பெட்டிகளில் இந்தத் தாள் கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். 2016இன் இரண்டாயிரம் ரூபாய்த் தாளில் மங்கள்யான் விண்கலம் இருந்தது. 2023 மே மாதத்தில் அதைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். தாள்கள் இந்த நூலின் விஷயமல்ல. நாணயத்தோடு ஓர் உறையில் கிடக்கட்டும்.

வைத்திருத்தல்

மாரியில் ஈரம், சோளகத்தில் புழுதி, ஆண்டு முழுவதும் கறையான். காகித அல்பத்தைக் கறையான் ஒரு மாதத்தில் தின்றுவிடும், ஆகவே வெளிப்பெட்டி தகரப் பேணியாக இருக்கட்டும். மூடி இறுக்கமான பிஸ்கற் பேணி நல்லது. உள்ளே மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் சிலவற்றைப் போடுங்கள், புரட்டாதியில் புதியதாக மாற்றுங்கள். சிலர் அரிசி போடுவார்கள், ஆனால் அதன் தவிடும் மாவும் காசில் ஒட்டும்.

காசைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக்கை மணந்து பாருங்கள். புது மழைக்கோட்டு மணம் வந்தால் அது பி.வி.சி.; ஓரிரு வருடத்தில் காசில் பச்சைப் பிசின் படியும். மணமில்லாத விறைப்பான உறை அல்லது மூடிவைக்கும் வட்டக் கூடு வாங்குங்கள். வளைந்த அப்பல்லோக் காசைத் தட்டையான உறைக்குள் திணிக்கக்கூடாது. புடைத்த பக்கம் முழுப் பாரத்தையும் தாங்கி உரசும், முதலில் போவது ஆம்ஸ்ட்ரோங் நிற்கும் அந்தக் கண்ணாடிதான். ஆழமான கூட்டோடு வந்தால் அதிலேயே விடுங்கள். இறப்பர் வளையம், பத்திரிகைத் தாள், பூச்சி உருண்டை மூன்றும் பேணிக்குள் வரக்கூடாது. சாமியறையில் வைப்பதும் வேண்டாம். சாம்பிராணிப் புகை வெள்ளியைக் கறுப்பாக்கும்.

புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்குகிற கை காசிலும் போடப் பார்க்கும். போட்டால் மேற்தோல் போய்விடும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. வெள்ளியின் கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பற்றரித் தண்ணீரில் ஊறவைத்துப் பஞ்சால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம்.

பதிவேடு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஒவ்வொரு காசுக்கும் நாடு, ஆண்டு, எடை, விட்டம், யார் எப்போது கொண்டுவந்தது, கொடுத்த விலை. இடப்பெயர்வில் அல்பத்தோடு பதிவும் போன வீடுகள் வன்னியில் நிறைய. ஆகவே பக்கங்களையும் காசின் இரு பக்கங்களையும் படமெடுத்து, காசைக் கொண்டுவந்த உறவினரின் தொலைபேசிக்கே அனுப்பிவிடுங்கள். தங்கம், வெள்ளிக் காசுகளுக்கு எதிரே, வீட்டில் மற்றவர்கள் படிக்கும்படி பெரிய எழுத்தில் இரண்டு எழுதவேண்டும்: உலோகமாக விற்றால் என்ன பெறும், நாணயமாக விற்றால் என்ன கேட்கலாம். அந்த விலைகளைத் தைப்பொங்கலுக்கு ஒருமுறை திருத்துங்கள், பென்சிலால்.